தென்காசியை எழுத எத்தனை இடம் வேண்டும்?

ஒரு தாளில் 'தென்காசி' என்று எழுதுங்கள். தெ, ன், கா, சி என நான்கு எழுத்து. இதே பெயரை ஆங்கிலத்தில் எழுதினால் 7 எழுத்தாகும். எதற்கு அதிக இடம் வேண்டும் என்று கேட்டால், ஆங்கிலத்துக்குத்தான் என்பீர்கள். தாளில் அது சரி. கணிப்பொறியின் நினைவகத்தில் கணக்கு தலைகீழாகிவிடுகிறது. அங்கே ஆங்கிலத் தென்காசிக்கு 7 இடம் போதும். தமிழ்த் தென்காசிக்கு 24 இடம் வேண்டும்!

இங்கே இடம் என்பது பைட். 0 முதல் 255 வரை ஏதேனும் ஓர் எண்ணை வைத்துக்கொள்ளும் சிறு அறை என்று அதை எண்ணிக்கொள்ளுங்கள். ஆங்கில எழுத்து ஒவ்வொன்றுக்கும் 127க்குள் ஓர் எண் உண்டு. எனவே ஓர் எழுத்துக்கு ஓர் அறை. தமிழ்க் குறிகளுக்கு யூனிகோடு பட்டியலில் தரப்பட்டுள்ள எண்கள் 2,900ஐத் தாண்டியவை. அவற்றை இன்று எங்கும் வழங்கும் யூ.டி.எஃப்-8 முறையில் எழுதும்போது ஒவ்வொரு குறிக்கும் மூன்று அறைகள் பிடிக்கும். மேலும் 'தெ' என்பது நமக்கு ஓர் எழுத்து. கணிப்பொறிக்கோ 'த' ஒரு குறி, ஒற்றைக்கொம்பு இன்னொரு குறி. மெய்யெழுத்தின் புள்ளியும் தனிக் குறி. இப்படித் தென்காசியில் 8 குறிகள். எட்டு மூன்று இருபத்து நான்கு.

இன்றைய கணிப்பொறிகளில் கோடிக்கணக்கான அறைகள் இருக்கும்போது 24 என்ன பெரிய எண்ணா என்று நீங்கள் நினைக்கலாம். எண்ணிக்கை பெரிதல்ல. எத்தனை அறை ஒதுக்கியிருக்கிறது, வந்த சரக்கு அதற்குள் அடங்குமா என்று யார் பார்ப்பது? அதுதான் கேள்வி.

அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் டென்னிஸ் ரிட்சி 1972ஆம் ஆண்டு வாக்கில் உருவாக்கிய 'சி' மொழி, அந்தப் பொறுப்பை முழுவதும் நிரல் எழுதுபவரிடமே விட்டுவிட்டது. கணிப்பொறிக்கு நாம் தரும் கட்டளைத் தொடரைத்தான் நிரல் என்கிறோம். யூனிக்ஸ் என்னும் இயக்க அமைப்பும், அதனுடன் வரும் கருவி நிரல்களும் சி மொழியில்தான் எழுதப்பட்டன. கோப்புகளைப் பட்டியலிடுவது, நகல் எடுப்பது, பெயர்களை அகர வரிசையில் அடுக்குவது போன்ற சில்லறை வேலைகளைச் செய்பவை இந்தக் கருவி நிரல்கள். சில்லறை வேலை என்றாலும், கணிப்பொறியில் மற்ற எல்லாம் இவற்றின் தோளில்தான் நிற்கின்றன.

சி மொழியின் குணத்தைப் புரிந்துகொள்ளக் குற்றாலத்துக்கு வாருங்கள். சீசன் காலம். ஒரு விடுதியில் வரிசையாக அறைகள். உங்கள் குழுவுக்கு 5ஆம் எண் அறையிலிருந்து நான்கு அறைகள் என்று பேச்சு. நல்ல விடுதியானால் நான்கு அறைகளுக்கு மட்டும் சாவி தருவார்கள். சி மொழி நடத்தும் விடுதியில் சாவியே கிடையாது. 'உங்கள் அறைகள் 5ஆம் எண்ணில் தொடங்குகின்றன' என்று மட்டும் ஒரு சீட்டு தருவார்கள். எங்கே முடிகின்றன என்று சீட்டில் இருக்காது. பத்துப் பேர் கூடுதலாக வந்தால் 9ஆம் அறைக்குள்ளும் பெட்டியை இறக்குவார்கள். அங்கே ஏற்கெனவே தங்கியிருப்பவரின் துணிமணி என்னவாகும் என்று கேட்பார் இல்லை. இந்தச் சீட்டுக்குச் சி மொழியில் 'பாயிண்டர்', அதாவது சுட்டி, என்று பெயர். அறையைக் காலி செய்த பிறகும் பழைய சீட்டைச் சட்டைப்பையில் வைத்திருந்து, மறுநாள் புதிதாக வந்தவரின் அறைக்குள் நுழைவதும் உண்டு. அது இன்னொரு வகைப் பிழை.

ஏன் இப்படி ஒரு மொழியைச் செய்தார்கள்? அன்றைய கணிப்பொறிகளில் நினைவகம் மிகச் சிறிது, வேகமும் குறைவு. ஒவ்வொரு முறையும் அளந்து பார்த்துக்கொண்டிருந்தால் வேலை ஓடாது. எழுதுபவர் கவனமாக இருப்பார் என்று நம்பினார்கள். ரிட்சியைக் குறை சொல்வதற்கில்லை. அந்த நம்பிக்கையை ஐம்பது ஆண்டுகளுக்கு இழுத்துக்கொண்டு வந்தவர்களைத்தான் கொஞ்சம் கேட்க வேண்டும்.

இனி ஒரு கணக்கு. பேருந்துச் சீட்டு அச்சடிக்கும் நிரல் ஒன்றைக் கற்பனை செய்துகொள்வோம். அதில் ஒரு சீட்டுக்கு இரண்டு பெட்டிகள்: ஊர்ப் பெயருக்கு 20 பைட், அதை ஒட்டிக் கட்டணத்துக்கு 4 பைட். கட்டணம் 45 ரூபாய் என்று முதலில் எழுதியாயிற்று. அடுத்து ஊர்ப் பெயர். விசைப்பலகையிலிருந்து வரும் வரியை வாங்கி வைக்கச் சி மொழியில் 'கெட்ஸ்' என்று ஒரு செயல்கூறு இருந்தது. அது வரி முடியும்வரை வாங்கி வைத்துக்கொண்டே போகும். கடைசியில் 'பெயர் முடிந்தது' என்பதற்கு அடையாளமாக ஒரு பூஜ்யத்தை வைக்கும். பெட்டி எவ்வளவு பெரிது என்று அதற்குச் சொல்லவே வழியில்லை.

நிரலைச் சோதிப்பவர் ஆங்கிலத்தில் தென்காசி என்று அடிக்கிறார். 7 பைட்டும் ஒரு பூஜ்யமும், ஆக 8. பிரமாதமாக வேலை செய்கிறது. நிரல் ஊருக்கு வந்து சேர்கிறது. அங்கே ஒருவர் தமிழில் தென்காசி என்று அடிக்கிறார். 24 பைட்டும் ஒரு பூஜ்யமும் சேர்ந்து 25. முதல் 20 பைட் ஊர்ப் பெட்டியில் அடங்கிவிடும். 'சி'யின் வால் பகுதியான அடுத்த 4 பைட்டுகள் கட்டணப் பெட்டிக்குள் வழிகின்றன. பூஜ்யமோ அதற்கும் அப்பால், யாருடையதோ ஓர் அறையில் போய் உட்காருகிறது.

வழிந்த அந்த நான்கு எண்கள்: 154, 224, 174, 191. நம் மேசைமேல் இருக்கும் பெரும்பாலான கணிப்பொறிகள் சிறிய இலக்கத்தை முதலில் வைத்து எண்ணைப் படிப்பவை. எனவே 154ஐ அப்படியே வைத்து, 224ஐ 256ஆலும், 174ஐ 65,536ஆலும், 191ஐ 1,67,77,216ஆலும் பெருக்கிக் கூட்டுங்கள். 321,59,09,018 வரும். நான்கு பைட்டில் கழித்தல் எண்ணும் எழுத வேண்டியிருப்பதால், 214,74,83,647க்கு மேற்பட்டதைக் கணிப்பொறி 429,49,67,296ஐக் கழித்துப் படிக்கும். அப்படிக் கழித்தால் கட்டணம் கழித்தல் 107,90,58,278 ரூபாய்! நடத்துநர் பயணிக்கு நூற்றேழு கோடி ரூபாய்க்குமேல் கொடுத்து அனுப்ப வேண்டும்.

சிரிப்பாக இருக்கிறதல்லவா? இது சிரிக்கும்படி வெளியே தெரிந்ததால் தப்பித்தோம். வழிந்தது கட்டணத்தில் விழாமல் வேறு ஏதோ ஓர் அறையில் விழுந்திருந்தால், நிரல் அப்போதைக்கு ஒழுங்காக ஓடி, அரைமணி கழித்துச் சம்பந்தமில்லாத வேறிடத்தில் நின்றுபோகும். இத்தகைய பிழையைத் தேடுவது, மலையில் எங்கோ பெய்த மழைக்கு அருவியடியில் நின்று காரணம் தேடுவது போல.

மழை என்றதும் ஒரு செய்தி. கம்பித் தொலைபேசி மட்டுமே இருந்த நாட்களில், மழை பிடித்துக்கொண்டால் பேச்சுக்கு நடுவே கொரகொரவென்று இரைச்சல் கேட்கும் என்று வீட்டில் பெரியவர்களைக் கேட்டால் சொல்வார்கள். 1988ஆம் ஆண்டின் இலையுதிர் காலத்தில் ஓர் இரவு, அமெரிக்காவில் விஸ்கான்சின் பல்கலைக்கழகப் பேராசிரியர் பார்ட்டன் மில்லர், வீட்டிலிருந்து தொலைபேசிக் கம்பி வழியே பல்கலைக்கழகத்து யூனிக்ஸ் கணிப்பொறியில் வேலை செய்துகொண்டிருந்தார். வெளியே இடியும் மழையும். கம்பியின் இரைச்சல் அவர் அடித்த வரிகளுக்கு நடுவே தாறுமாறான எழுத்துகளைச் செருகியது. இரைச்சல் அவருக்கு வியப்பளிக்கவில்லை. அந்தக் குப்பை எழுத்துகளைத் தின்ற கருவி நிரல்கள் 'எனக்குப் புரியவில்லை' என்று சொல்லாமல் அப்படியே விழுந்துவிட்டனவே, அதுதான் வியப்பளித்தது.

பலர் இதை எரிச்சலோடு மறந்திருப்பார்கள். மில்லர் அதையே தம் மாணவர்களுக்கு வகுப்பு வேலையாகக் கொடுத்தார். குப்பை எழுத்துகளைத் தாறுமாறாக உற்பத்தி செய்யும் நிரல் ஒன்றை எழுதி, 'ஃபஸ்' என்று பெயர் வைத்தார்கள். ஏழு வகை யூனிக்ஸ்களில் ஏறத்தாழ 90 கருவி நிரல்களுக்கு அந்தக் குப்பையை ஊட்டினார்கள். ஒவ்வொரு வகையிலும் கால் பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரையிலான நிரல்கள் விழுந்தன, அல்லது உறைந்து நின்றன. 1990இல் முடிவை வெளியிட்டபோது ஏன் விழுந்தன என்பதையும் வகைப்படுத்தியிருந்தார்கள். பெட்டிக்கு வெளியே எழுதுவதும் கெட்ஸும் எதிர்பார்த்தபடியே பட்டியலில் இருந்தன. நம்மைக் கவர வேண்டிய இன்னொரு காரணமும் இருந்தது. அதற்கு 'வகைப் பிழை' என்று பெயர் கொடுக்கலாம்.

ஒரு பைட்டில் 224 என்ற எண் இருக்கிறது என்போம். அது உண்மையில் எட்டு விளக்குகள் எரிவதும் அணைவதுமான ஒரு வரிசைதான். அதை 0 முதல் 255 வரையுள்ள எண்ணாகப் படித்தால் 224. முதல் விளக்கைக் கழித்தல் குறியாகக் கொண்டு, -128 முதல் 127 வரையுள்ள எண்ணாகப் படித்தால் அதே வரிசை -32. இரண்டில் எது என்று பைட்டில் எழுதி ஒட்டியிருக்காது. அதை முடிவு செய்வது நிரலில் நாம் சொல்லும் வகை. சி மொழியில் எழுத்துக்கான வகையின் பெயர் 'சார்'. ஆசிரியரைக் கூப்பிடுவது போலிருக்கும். 'கேரக்டர்' என்பதன் சுருக்கம்தான். இந்தச் சார் கழித்தல் எண்ணை ஏற்குமா, ஏற்காதா? மொழியின் இலக்கணம் அதை நிர்ணயிக்காமல் விட்டுவிட்டது. இன்டெல் வகைக் கணிப்பொறியில் ஏற்கும். ராஸ்பெரி பை போன்ற சிறு கணிப்பொறியில் லினக்ஸ் ஓடும்போது ஏற்காது. ஒரே நிரல் ஓரிடத்தில் சரியாக ஓடி, இன்னோரிடத்தில் விழுவது இப்படித்தான்.

விழுவது எப்படி என்று பாருங்கள். எழுத்தின் எண்ணைக் கொண்டு ஓர் அட்டவணையில் இடம் தேடும் நிரல்கள் ஏராளம். 65 வந்தால் அட்டவணையின் 65ஆம் கட்டம். -32 வந்தால்? அட்டவணை தொடங்குவதற்கு 32 கட்டம் முன்னால் போய் யாருடைய அறையிலோ கையை விடும். ஆங்கில எழுத்து எதுவும் 127ஐத் தாண்டாததால் அங்கே இந்தப் பிழை பல்லாண்டுகள் தூங்கிக்கொண்டிருக்கும். தமிழ் எழுத்து எதை அடித்தாலும் முதல் பைட்டே 224. அதாவது மில்லருக்கு மழை தேவைப்பட்டது. நமக்கு நம் பெயரை அடித்தாலே போதும்!

பழுது பார்ப்பது எளிது. எண்ணை அட்டவணைக்குக் கொடுக்குமுன் 'அன்சைன்டு சார்', அதாவது கழித்தல் குறியற்ற எழுத்து, என்று வகையை மாற்ற வேண்டும். அவ்வளவுதான். ஆனால் எத்தனை இடங்களில் மாற்றுவது? லினக்ஸில் வழங்கும் ஜி.என்.யூ. சி நூலகத்தைப் பராமரிப்பவர்கள் ஒரு வேடிக்கையான காரியம் செய்தார்கள். எழுத்துகளை இனம் பிரிக்கும் தங்கள் அட்டவணையை 256 கட்டங்களோடு நிறுத்தாமல், பின்பக்கமாகவும் 128 கட்டம் நீட்டி 384 ஆக்கினார்கள். தவறான நிரல் -32 என்று கேட்டாலும் விழாமல் ஏதோ ஒரு பதில் கிடைக்கும். தாராள மனம்தான். ஆனால் பிழை விழித்துக்கொள்ளாமல் தாலாட்டுவதாகவும் எனக்குப் படுகிறது.

மில்லரின் மழை இரவு வந்த அதே 1988இல், நவம்பர் 2ஆம் தேதி, இன்னொன்றும் நடந்தது. கார்னெல் பல்கலைக்கழக மாணவர் ராபர்ட் மோரிஸ் அவிழ்த்துவிட்ட ஒரு 'புழு' நிரல், கணிப்பொறி விட்டுக் கணிப்பொறி பரவி அன்றைய இணையத்தைத் திணறடித்தது. அது நுழைந்த வாசல்களில் ஒன்று, 'ஃபிங்கர்' என்னும் கருவி நிரலில் இருந்த கெட்ஸ். அங்கே 512 பைட் பெட்டி. புழு அனுப்பியது 536. நம் உதாரணத்தில் கட்டணம் கெட்டது. அங்கே வழிந்த பைட்டுகள், 'இந்த வேலை முடிந்ததும் எங்கே திரும்ப வேண்டும்' என்ற குறிப்பின்மேல் விழும்படி கணக்குப் பார்த்து அனுப்பப்பட்டன. கணிப்பொறி திரும்பிப் போனது புழுவின் கட்டளைகளுக்கு. பிழைக்கும் திருட்டுக்கும் இடைவெளி இவ்வளவுதான். கெட்ஸைச் சி மொழியின் இலக்கணத்திலிருந்து நீக்க 2011 வரை ஆயிற்று.

அதே 2011 ஜூலையில், 'சூடோ' என்னும் கருவி நிரலில் ஒரு புதுப் பிழை புகுந்தது. சாதாரணப் பயனாளர் ஒருவருக்கு நிர்வாகியின் அதிகாரத்தைத் தற்காலிகமாகத் தரும் வாயிற்காப்போன் அது. கட்டளையில் சாய்கோடு ஒன்று வந்தால், அதை விட்டுவிட்டு அடுத்த எழுத்தை அப்படியே எடுத்துக்கொள் என்று பொருள். சாய்கோடே கடைசி எழுத்தாக வந்தால்? அடுத்து நிற்பது பெயரின் முடிவைக் காட்டும் பூஜ்யம். சூடோ அந்தப் பூஜ்யத்தையும் ஓர் எழுத்தாக எண்ணி நகலெடுத்துவிட்டு, எல்லையைத் தாண்டி மேலே போய்க்கொண்டே இருந்தது. 2021 ஜனவரியில் குவாலிஸ் நிறுவனத்தார் இதை வெளியிட்டார்கள். அதுவரை ஒன்பதரை ஆண்டுகள், உலகெங்கும் லினக்ஸ் கணிப்பொறிகளில், யார் வேண்டுமானாலும் நிர்வாகியாகிவிடும் வழி திறந்தே கிடந்தது. எத்தனை பேர் அந்த நிரலைப் படித்திருப்பார்கள்!

சூடோவை டாட் மில்லர் என்பவர் 1990களிலிருந்து பராமரித்து வருகிறார். இத்தகைய வேலைக்குப் புகழ் கிடைப்பதில்லை. தென்காசிப் பெரிய கோயிலை 15ஆம் நூற்றாண்டில் எழுப்பிய பராக்கிரம பாண்டியர், பின்னாளில் கோயிலுக்குப் பழுது நேர்ந்தால் அதைச் சரிசெய்பவர்களின் அடிகளை வணங்குவதாகக் கல்வெட்டில் பொறித்துவைத்தார். பிறகு இடிந்துபோன இராஜகோபுரம் மீண்டும் எழுந்து 1990இல் குடமுழுக்குக் கண்டது. நிரல் எழுதுபவர்களில் எத்தனை பேருக்குத் தமக்குப்பின் வந்து பழுதுபார்ப்பவரைப் பற்றிய இந்த நினைவு இருக்கிறது என்று தெரியவில்லை.

சரி, நம் பேருந்துச் சீட்டை எப்படித் திருத்துவது? கெட்ஸை எடுத்துவிட்டு 'எஃப்கெட்ஸ்' போடலாம். அதற்குப் பெட்டியின் அளவையும் சொல்ல வேண்டும். 20 என்றால் 19 பைட் மட்டும் வாங்கி, ஒரு பூஜ்யத்தோடு நிறுத்திக்கொள்ளும். கட்டணம் தப்பித்தது. ஆனால் 19 பைட்டில் 6 குறிகள் போக ஒன்று மிச்சம். சீட்டில் 'தென்கா' என்று அச்சாகி, அதன்பின் ஓர் உடைந்த எழுத்து நிற்கும். அது மட்டுமல்ல. வாங்காமல் விட்ட 5 பைட்டுகள் வாசலில் காத்திருந்து, அடுத்து 'எத்தனை பேர்?' என்று நிரல் கேட்கும்போது அதற்குப் பதிலாக உள்ளே வந்துவிடும்! அரைகுறைத் திருத்தம் ஒரு பிழையை இரண்டாக்குவதற்கு இது நல்ல உதாரணம். சரியான வழி இரண்டுதான். வரும் பெயரின் நீளத்தை அளந்து அதற்கேற்ற பெட்டியைப் புதிதாகக் கேட்டு வாங்க வேண்டும். அல்லது, இடம் போதாது என்று வெளிப்படையாகச் சொல்லி மறுக்க வேண்டும். நீளத்தை வைக்கும் எண்ணுக்கும் சரியான வகை வேண்டும். -1 என்ற நீளத்தைக் கழித்தல் குறியற்ற வகையில் படித்தால் அது 429 கோடிக்குமேல் ஆகிவிடும்.

கண்ணால் தேடுவதற்கு உதவியாக 2012 முதல் ஒரு காவலாளி உண்டு. கூகுள் பொறியாளர்கள் செய்த 'அட்ரஸ் சானிடைசர்' என்னும் கருவி அது. குற்றாலம் பேரருவியில் பாதுகாப்பு வளைவைப் பார்த்திருப்பீர்கள். தண்ணீர் அந்த வளைவைத் தாண்டி விழுந்தால் குளிக்கத் தடை போடுவார்கள். இந்தக் கருவியும் ஒவ்வொரு அறைத் தொகுதிக்கும் இருபுறமும் யாரும் தொடக்கூடாத வெற்றறைகளை வைக்கிறது. நிரல் அங்கே கைவைத்த கணமே ஓட்டத்தை நிறுத்தி, எந்த வரியில் தப்பு நடந்தது என்று காட்டுகிறது. நிரலின் வேகம் பாதியாகும். ஆகையால் சோதனையின்போது மட்டும் வைத்துக்கொள்வார்கள். ஒரே தொகுதிக்குள், ஊர்ப் பெட்டியிலிருந்து கட்டணப் பெட்டிக்கு வழிந்தால் இந்தக் காவலாளிக்கும் தெரியாது. ஃபஸ் வகைக் குப்பையை ஊட்டிக்கொண்டே இந்தக் காவலையும் போட்டால் பல பிழைகள் சில மணி நேரத்தில் அகப்படுகின்றன. மில்லர் குழு 1995இல் மறுபடி சோதித்தபோது, விற்பனைக்கு வந்த யூனிக்ஸ்களில் 15 முதல் 43 சதவீத நிரல்கள் விழுந்தன. இலவசமாகக் கிடைத்த லினக்ஸில் 9 சதவீதம்தான். முன்பே சொல்லிக்கொடுத்த பிழைகள் சில திருத்தப்படாமலே இருந்தன!

விடுதியையே மாற்றிவிட்டால் என்ன என்று கேட்பவர்களும் உண்டு. தங்கள் நிறுவனம் திருத்தும் பாதுகாப்பு ஓட்டைகளில் ஏறத்தாழ 70 சதவீதம் நினைவகப் பிழைகளே என்று மைக்ரோசாஃப்ட் பொறியாளர்கள் 2019இல் சொன்னார்கள். 'ரஸ்ட்' என்னும் புதிய மொழி, 2015இல் முதற்பதிப்பு வெளிவந்தது, சீட்டோடு அறைகளின் எண்ணிக்கையையும் சேர்த்தே தருகிறது. காலி செய்தவரின் சீட்டை அக்கணமே செல்லாததாக்குகிறது. 2025 அக்டோபரில் வந்த உபுண்டு 25.10, சூடோவையும் அடிப்படைக் கருவி நிரல்களையும் ரஸ்டில் மறுபடி எழுதியவையாகத் தந்தது. வந்த சில நாளில் ஒரு வேடிக்கை. ஒரு கோப்பின் தேதியைச் சொல் என்றால், புதிய 'டேட்' நிரல் அன்றைய தேதியையே சொல்லிக்கொண்டிருந்தது. அதனால் தானாகப் புதுப்பித்துக்கொள்ளும் வேலை நின்றுபோனது. நினைவகத்தில் ஒரு பைட் கூட வழியவில்லை. கேட்ட கேள்விக்குப் பதில்தான் தப்பு.

சி மொழியில் எழுதிய நிரல்கள் ஒரே நாளில் மறையப்போவதில்லை. தென்காசியை அடுத்த மத்தளம்பாறையில் ஸோகோ நிறுவனத்து இளைஞர்கள் இன்று மென்பொருள் எழுதுகிறார்கள். நீங்களும் நாளை அத்தகைய வேலைக்குப் போகலாம். ஊர்ப் பெயர் கேட்கும் நிரல் எதைக் கண்டாலும் முதலில் தமிழில் அடித்துப் பாருங்கள்.

பயிற்சிக்கு ஒரு கணக்கு தருகிறேன். அதே பேருந்துச் சீட்டில் 'குற்றாலம்' என்று அடித்தால் எத்தனை பைட்? கட்டணப் பெட்டியில் விழும் நான்கு எண்கள் 178, 224, 174, 174. கட்டணம் எவ்வளவு? விடை: 27 பைட், கழித்தல் 136,42,70,926 ரூபாய்.